நொண்டிய குதிரையும் ஓடிய மனிதனும்

1973-ஆம் ஆண்டு கோடைக்காலம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ராபின்சன் ஃப்ளாட் என்று ஓர் இடம். ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் சமதளம், அவ்வளவுதான். அன்று மட்டும் அங்கே கூட்டம். தண்ணீர்த் தொட்டிகள், வைக்கோல், கையில் ஸ்டெதாஸ்கோப்புடன் கால்நடை மருத்துவர்கள். விடியும் முன்பே கிளம்பிய குதிரைகள் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தன. போக வேண்டிய தூரம் 100 மைல். வந்திருப்பது 29 மைல்.

வந்தவர்களில் கார்டி ஐன்ஸ்லே என்ற இளைஞரும் ஒருவர். விறகு வெட்டிப் பிழைப்பவர், நல்ல ஆகிருதி, எடை 90 கிலோவுக்குப் பக்கம். அவருடைய குதிரையை மருத்துவர் ஓடவிட்டுப் பார்த்தார். குதிரை கால் தாங்கியது. அத்தோடு அதன் பயணம் முடிந்தது. இன்னும் 71 மைல் பாக்கி இருந்தாலும் சரி, ஓட்டுபவர் வருடம் முழுக்கக் காத்திருந்தவர் என்றாலும் சரி, நொண்டும் குதிரைக்கு மேலே போக அனுமதி கிடையாது.

இதில் என்ன பெரிய வரலாறு என்று கேட்கத் தோன்றும். ஒரு குதிரை நொண்டியது, ஒரு மனிதர் வீட்டுக்குப் போனார். ஆனால் இன்று உலகம் முழுக்க மலைப்பாதைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் 100 மைல் ஓடுகிறார்களே, அந்த விளையாட்டின் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் இந்த நொண்டிக் குதிரையிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது!

முதலில் அந்தக் குதிரைப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம்.

கலிஃபோர்னியாவில் ஆபர்ன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1848-இல் தொடங்கிய தங்க வேட்டைக் காலத்தில் வளர்ந்த ஊர். அங்கே வெண்டல் ரோபி என்று ஒருவர் இருந்தார். வங்கி நடத்தியவர், பனிச்சறுக்கு, குதிரை இரண்டிலும் பைத்தியம். மலைக்கு அந்தப் பக்கம் டாஹோ ஏரி, இந்தப் பக்கம் ஆபர்ன். இரண்டுக்கும் நடுவே சுரங்கத் தொழிலாளிகள் அந்தக் காலத்தில் நடந்து நடந்து உண்டாக்கிய பழைய பாதை ஒன்று இருந்தது. கார் வந்துவிட்ட காலத்தில் வளர்ந்த குதிரைகளால் அந்தப் பாதையை ஒரே நாளில் கடக்க முடியுமா? முடியாது என்று சொன்னவர்கள் நிறைய. ரோபிக்கு அப்போது வயது 60. 1955 ஆகஸ்டில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, பாண்டோஸ் என்ற தன் அரபுக் குதிரையில் ஏறிக் கிளம்பிவிட்டார். 22 மணி 45 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். மறு வருடமும் போனார், அதற்கு மறு வருடமும் போனார். 1959-இல் அந்தப் பயணத்துக்கு டெவிஸ் கோப்பை என்ற பரிசு வந்தது. வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் தலைவராக இருந்த லாயிட் டெவிஸின் நினைவாக அவர் குடும்பத்தார் கொடுத்தது. ஊர் வாயில் அந்தப் பயணத்துக்கே டெவிஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது.

பாதை சாதாரணமானதல்ல. ஆரம்பத்திலேயே சுமார் 8,750 அடி உயரமுள்ள கணவாய் ஒன்றில் ஏற வேண்டும். பிறகு பாறை. அதற்குப் பிறகு ஒன்றை அடுத்து ஒன்றாக ஆழமான பள்ளத்தாக்குகள். காற்றே புகாத அந்தப் பள்ளங்களில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இருட்டிய பின் அமெரிக்கன் ஆற்றை நீரில் இறங்கிக் கடக்க வேண்டும். இரவில் குதிரைக்கு வழி தெரிய வேண்டும் என்பதால், இயன்றவரை பௌர்ணமியை ஒட்டியே பயணத்துக்கு நாள் குறிப்பார்கள். (நம் ஊர் மாட்டு வண்டிக்காரர்கள் நிலவைப் பார்த்துப் பயணம் கிளம்பிய கதை நினைவுக்கு வரலாம்!) மொத்தம் 24 மணி நேரம். அதற்குள் வந்து சேர்ந்தால் வெள்ளி பக்கிள் ஒன்று கிடைக்கும், பெல்ட்டில் மாட்டிக்கொள்வது. பணப் பரிசு கிடையாது. கிளம்பும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் ஒழுங்காக வந்து சேரும்.

மற்ற பாதி எங்கே போயிற்று? விழுந்துவிட்டதா? இல்லை. பெரும்பாலும் வழியில் மருத்துவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துவதற்கு உலகம் முழுவதிலும் முதல் காரணமாக இருப்பது களைப்பு அல்ல, தாகம் அல்ல. கால் தாங்குவதுதான். நாடித் துடிப்பு, நீர் வற்றுதல் போன்ற உடல் கோளாறுகள் அதற்கு அடுத்துதான் வருகின்றன.

இப்படி நிறுத்தும் வழக்கம் எப்போதும் இருந்ததில்லை. 1892-இல் ஜெர்மன் ராணுவ அதிகாரிகளும் ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளும் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு, ஆஸ்திரியத் தரப்பினர் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு. சுமார் 580 கிலோமீட்டர். யார் சீக்கிரம் வருகிறார் என்பதுதான் கேள்வி. வழியில் குதிரையின் நிலையைப் பார்த்து "போதும், இறங்கு" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆஸ்திரியத் தரப்பின் கவுண்ட் ஸ்டார்ஹெம்பெர்க் சுமார் மூன்று நாட்களில் வந்து வென்றார். அவரைச் சுமந்து வந்த குதிரை செத்துப்போனது. இரண்டாவதாக வந்தவரின் குதிரையும் செத்தது. மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. ஐரோப்பியப் பத்திரிகைகள் கொதித்தன. வென்றவர் கழுத்தில் மாலை, சுமந்தது மண்ணுக்குள். இதற்குப் பெயர் வெற்றியா என்று அன்றே பலர் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்கக் குதிரைப் படைக்கு ஏற்ற இனம் எது என்று பார்க்க 1919 முதல் 5 நாளில் 300 மைல் செல்லும் சோதனைப் பயணங்கள் நடந்தன. அவற்றில் வேகத்துக்கு மட்டுமல்லாமல், முடிவில் குதிரை எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. டெவிஸ் பயணம் இந்த இரண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டது. 1964-இல் ஹேகின் கோப்பை என்று இன்னொரு பரிசும் சேர்ந்தது. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு அந்தக் கோப்பை. நெடும்பயணக்காரர்கள் பலர் முதலாவதாக வரும் கோப்பையை விட இதைத்தான் பெரிதாக மதிக்கிறார்கள். 1972-இல் உருவான அமெரிக்க நெடும்பயணக் குதிரைச் சங்கத்தின் கொள்கையும் இதே வழிதான்: முடித்தாலே வெற்றி. முடித்தல் என்றால் கோட்டைத் தொடுவது அல்ல. கோட்டைத் தொட்ட பிறகும் மருத்துவர் பார்த்து, இந்தக் குதிரை இன்னும் போகக்கூடிய நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 100 மைல் வந்து கடைசியில் நொண்டினால், வந்தது கணக்கில் இல்லை. கொடுமையான விதிதான். ஆனால் 1892-ஐ நினைத்துப் பார்த்தால் இந்தக் கொடுமை தேவலை.

சரி, குதிரை நொண்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் என்ன கஷ்டம், பார்த்தாலே தெரியாதா என்று நினைப்போம். மாடு நொண்டினால் தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் குதிரை, வேட்டையாடப்பட்டு வாழ்ந்த இனம். கூட்டத்தில் எது நொண்டுகிறதோ அதைத்தான் ஓநாய் முதலில் குறி வைக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. கூடவே மற்ற குதிரைகள் முன்னால் ஓடும் உற்சாகம் வேறு. நடக்கும்போது எதுவுமே தெரியாது. ஓடவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அந்த ஓட்டத்துக்கு டிராட் என்று பெயர். முன்வலதும் பின்இடதும் ஒன்றாக விழும், பிறகு முன்இடதும் பின்வலதும். டக்-டக், டக்-டக் என்று கடிகாரம் போலச் சீரான ஓட்டம். ஆள் கீழே இறங்கி, கடிவாளக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேர்கோட்டில் கூட ஓடிப் போய்த் திரும்பி வர வேண்டும். மருத்துவர் பார்ப்பது குதிரையின் தலையை. முன்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கிக்கொள்ளும், பாரத்தைக் குறைக்க. நல்ல கால் படும்போது தலை தாழும். பின்கால் என்றால் இடுப்பு ஏறி இறங்குவதில் வித்தியாசம் தெரியும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை ஆடுவது மறைந்துவிடும் என்பதால்தான் தளர்வாகப் பிடிக்கச் சொல்வது. எத்தர்கள் எல்லா ஊரிலும் உண்டே!

காது கேட்டும் சொல்வார்கள். கெட்டியான தரையில் லாடம் விழும் சத்தம் நான்கு காலுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மெத்தென்று விழுந்தால் சந்தேகம். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் நொண்டலை 0 முதல் 5 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 0 என்றால் குறையே இல்லை. 5 என்றால் காலைத் தரையில் ஊன்றவே முடியாத நிலை. நடுவில் இருக்கும் 3-தான் எல்லைக்கோடு: நேராக ஓடும்போது ஒவ்வொரு முறையும் தவறாமல் தெரியும் நொண்டல். அது வந்தால் பயணம் முடிந்தது. 1, 2 என்றால்... அங்கேதான் தலைவலி. திரும்பி வரும்போது தெரிந்தது, போகும்போது தெரியவில்லை. இன்னொரு தரம் ஓடவிடு. இன்னொரு மருத்துவரைக் கூப்பிடு. அந்தச் சில நிமிடங்களில் குதிரைக்காரரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

மருத்துவரிடம் வருவதற்கு முன் பாதையிலேயே நொண்டத் தொடங்கினால்? அனுபவசாலிகள் செய்யும் முதல் காரியம் கீழே இறங்குவது. சேணத்தில் உட்கார்ந்தபடியே யோசிக்கக் கூடாது. யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் ஒரு முழு மனிதப் பாரம் அந்தக் காலில்தான் இருக்கிறது. குதிரையின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு முன்கால்கள் மேல்தான், அதற்கு மேல் நாம் வேறு. இறங்கியதும் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பாதி நேரம் வில்லன் அங்கேயே அகப்படுவான்: லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே சிக்கிய ஒரு கூழாங்கல். குளம்புக் கொக்கியால் நெம்பி எடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் குதிரை பழையபடி நடக்கும். லாடமே கழன்று போயிருந்தால், 1970-களிலிருந்து அதற்கும் ஒரு வழி உண்டு. குளம்பின் மேல் மாட்டும் ரப்பர்க் காலணி. சேணத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள், காருக்கு ஸ்டெப்னி மாதிரி.

கல் இல்லை, லாடம் சரியாக இருக்கிறது என்றால் கையைக் காலின் மேலிருந்து கீழே மெல்லத் தடவிக்கொண்டு வர வேண்டும். எங்கே சூடு, எங்கே வீக்கம், எங்கே தொட்டால் உதறுகிறது? முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாரில் சூடு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். அது அறுந்துபோனால் ஆற மாதக்கணக்காகும், சில சமயம் வருடமே ஆகும். ஆறினாலும் பழைய வலு வராது. பக்கத்தில் ஓடை இருந்தால் குதிரையைத் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். குளிர்ந்த நீர் வீக்கத்தை அடக்கும். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த முகாம் வரை நடை. ஐந்து மைலோ, பத்து மைலோ, இருட்டோ, மலையோ... வேறு வழியில்லை.

பின்கால் தசை கட்டை போல இறுகிப்போவது வேறு ரகம். வியர்வையில் உப்பெல்லாம் போய்விட்ட குதிரைக்கு வரும். அதற்கு நடக்கவே விடக் கூடாது, நின்ற இடத்திலேயே மருத்துவர் வர வேண்டும். கல் சிக்கியது என்று நினைத்து அந்தக் குதிரையை இழுத்துக்கொண்டு நடந்தால் கேடு அதிகமாகும். ஆக எந்த நொண்டல் என்று தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம்.

ஒரு வலி மாத்திரை போட்டுவிட்டால் ஓடாதா? ஓடும். அதனால்தான் தடை செய்திருக்கிறார்கள். குதிரைக்கு வலியைக் குறைக்கும் மருந்துகள் பல காலமாகவே இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் போட்டியின்போது அவற்றில் எதுவும் உடலில் இருக்கக் கூடாது. வலி போய்விடும், காயம் போகாது. பாதி கிழிந்த தசைநார் மீது முழு வேகத்தில் ஓடும் குதிரை, அடுத்த பள்ளத்தில் கால் முறிந்து விழும். வாய் இல்லாத பிராணிக்கு இருக்கும் ஒரே பேச்சு அந்த நொண்டல்தான். அதையும் அடைத்துவிட்டால் மருத்துவருக்கு எதைக் கேட்டுத் தெரியும்?

இப்போது மறுபடி ஐன்ஸ்லேயிடம் வருவோம். அவர் புதியவர் அல்ல. 1971-இலும் 1972-இலும் ரெபல் என்ற குதிரையில் டெவிஸ் பயணத்தை முடித்து பக்கிள் வாங்கியவர். அவ்வளவு எடையைச் சுமக்கும் குதிரைக்கு உதவியாக, ஏற்றத்திலும் இறக்கத்திலும் இறங்கி அவரே ஓடுவார். விதிகளில் அதற்கு இடமுண்டு. குதிரையோடு கூட ஓடலாம், மலையேறும்போது வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கக்கூடச் செய்யலாம். அதாவது 100 மைல் பயணத்தில் ஒரு நல்ல பங்கை அவர் ஏற்கெனவே சொந்தக் காலில்தான் கடந்துகொண்டிருந்தார், யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். பிறகு ரெபல் அவர் கையை விட்டுப் போனது. 1973-இல் கொண்டுவந்தது புதுக் குதிரை. ராபின்சன் ஃப்ளாட்டில் நடந்ததைத்தான் முதலிலேயே பார்த்தோமே.

1974 வந்தது. நம்பிக்கையான குதிரை இல்லை. இந்த இடத்தில் ட்ரூசில்லா பார்னர் என்ற பெண்மணியைச் சொல்லியாக வேண்டும். 1961-இல் டெவிஸ் கோப்பையை வென்ற முதல் பெண் அவர். பிறகு அந்தப் பயணத்தை நடத்தும் அமைப்பின் செயலாளராக இருந்தார். குதிரை இல்லாவிட்டால் என்ன, கால்நடையாகவே போய்ப் பாரேன் என்று ஐன்ஸ்லேயைத் தூண்டிவிட்டவர் இவர்தான். விளையாட்டு வரலாற்றில் இந்தப் பெயர் இன்னும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

(ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அந்தப் பாதையை முதலில் கால்நடையாகக் கடந்தவர் ஐன்ஸ்லே என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். சரியல்ல. 1972-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலி முகாமிலிருந்து 20 காலாட்படை வீரர்கள் வந்து முயன்றார்கள். அவர்களில் 7 பேர் இரண்டு நாளுக்குள் முடித்தார்கள். ஐன்ஸ்லே செய்தது, அதை ஒரே நாளில், குதிரைகளுக்கு விதித்த அதே 24 மணி நேரக் கெடுவுக்குள் முயன்றது.)

1974 ஆகஸ்ட். குதிரைகள் மட்டும் 198. அவற்றோடு இரண்டு காலில் ஒருவர். அந்த வருடம் பள்ளத்தாக்குகளில் வெயில் 107 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 42 டிகிரி செல்சியஸ். வழியில் அவருக்கென்று தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. இன்றைய ஓட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் ஜெல் பாக்கெட் இல்லாத காலம். போன வருடம் குதிரை நின்ற ராபின்சன் ஃப்ளாட்டை இந்த முறை தன் காலிலேயே கடந்தார். பள்ளத்தாக்குகளைக் கடந்தார். இரவில் ஆற்றைக் கடந்தார். 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். கெடுவுக்கு 18 நிமிடம் பாக்கி!

அந்த 18 நிமிடம் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதை ஆபர்ன் ஊர்த் திண்ணைப் பேச்சோடு முடிந்திருக்கலாம். அடுத்த வருடம் 1975-இல் ரான் கெல்லி என்பவர் முயன்றார். முடிவுக்கு இரண்டே மைல் இருக்கும்போது விலகிக்கொண்டார். 98 மைல் வந்தவர்! 1976-இல் கென் ஷிர்க் முடித்தார், ஆனால் 24 மணி நேரத்தைச் சுமார் அரை மணி தாண்டிவிட்டது. ("கௌமேன்" என்பது அவருடைய பட்டப்பெயர், தலையில் மாட்டுக் கொம்பு வைத்துக்கொண்டு திரிவார்.)

1977-இல் மனிதர்களுக்கென்றே ஒரு போட்டியை, குதிரைப் பயணம் நடக்கும் அதே நாளில் வைத்தார்கள். கிளம்பியவர்கள் 14 பேர். இங்கேதான் சுவாரஸ்யம். ஓடுகிறவர்களின் உடல்நிலையை எங்கே சோதிப்பது? ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான். குதிரைகளைச் சோதிக்கும் மூன்று கால்நடை மருத்துவ முகாம்களிலேயே மனிதர்களையும் சோதித்தார்கள். குதிரை நிறுத்தப்படுவது போலவே மனிதர்களும் நிறுத்தப்பட்டார்கள். தானாக விலகியவர்களும் நிறுத்தப்பட்டவர்களுமாக 11 பேர் வெளியேற, முடித்தது 3 பேர்தான். ஆண்டி கோன்சாலெஸ் 22 மணி 57 நிமிடத்தில் வந்து முதலாவதானார். மற்ற இருவருக்கு 28 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இருவரில் ஒருவர் ரால்ஃப் பாஃபென்பார்கர். உடற்பயிற்சிக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து புகழ்பெற்ற மருத்துவ விஞ்ஞானி. ஓடினால் நல்லது என்று எழுதியவரே ஓடிக் காட்டினார்!

மறு வருடம் ஓட்டம் ஜூன் மாதத்துக்கு மாறித் தனியாகப் பிரிந்தது. 1978-இல் கிளம்பியவர்கள் 63 பேர், முடித்தவர்கள் 30. பாட் ஸ்மைத் என்பவர் அதை முடித்த முதல் பெண்ணானார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 என்று பெயர் பெற்ற அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற மலைகளிலும் 100 மைல் ஓட்டங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

பிரிந்து வந்த பிறகும் குதிரை வாசனை போகவில்லை. குதிரை முகாமில் நாடி பார்ப்பார்கள். ஓடாமல் நிற்கும்போது நிமிடத்துக்கு 30-லிருந்து 40 வரை துடிக்கும் அதன் இதயம், முகாமுக்கு வந்த பின் குறித்த நேரத்துக்குள் 60 அல்லது 64-க்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. மனித ஓட்டத்தில் அந்த இடத்தை எடைக்கருவி பிடித்துக்கொண்டது. கிளம்பும் முன் எடை பார்த்துக் கையில் கட்டிவிடுவார்கள். வழியில் ஒவ்வொரு முகாமிலும் ஏற்றி நிறுத்துவார்கள். எடை ரொம்பக் குறைந்தால் உட்கார வைப்பார்கள், இன்னும் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். பல ஆண்டுகள் இந்த முறை இருந்தது. பிறகு எடை குறைவதைவிட அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து எடை கூடுவதே ஆபத்தாகலாம் என்று மருத்துவம் கண்டுகொண்டது தனிக்கதை.

ஆனால் ஒரு விஷயத்தில் மனிதனும் குதிரையும் ஒன்றாகவில்லை. கால் தாங்கிக்கொண்டே வரும் ஓட்டக்காரரை யாரும் தடுப்பதில்லை. சுளுக்கிய கணுக்காலோடு, கொப்புளம் வெடித்த பாதத்தோடு, கம்பை ஊன்றிக்கொண்டு கடைசி 20 மைலை நொண்டியே கடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கைதட்டல்தான் கிடைக்கிறது. அது அவர்கள் கால், அவர்கள் வலி, அவர்கள் முடிவு. 1973-இல் ராபின்சன் ஃப்ளாட்டில் நின்ற குதிரைக்கு அந்த முடிவை எடுக்க வழியில்லை என்பதால்தான் அதற்காக இன்னொருவர் எடுத்தார். அதற்கு மறு வருடம் ஐன்ஸ்லே தொடர்ந்து ஓடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு மைலிலும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள முடிந்தது. இரண்டும் நடந்தது ஒரே பாதையில்.

நேரக் கெடுவிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. மனிதர்களுக்கு 30 மணி நேரம் தருகிறார்கள். அதற்குள் வந்தால் வெண்கல பக்கிள், 24 மணி நேரத்துக்குள் என்றால் வெள்ளி. குதிரைகளுக்கு 30 மணி நேரச் சலுகை கிடையாது, 24-தான். டெவிஸ் பயணம் இன்றும் நடக்கிறது. ராபின்சன் ஃப்ளாட்டில் இப்போது எல்லாக் குதிரைகளும் ஒரு மணி நேரம் கட்டாயமாக நின்று ஓய்வெடுக்க வேண்டும், பிறகுதான் கிளம்பலாம். ஒவ்வொரு வருடமும் சில குதிரைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவற்றை ட்ரெய்லர் வண்டியில் ஏற்றிக்கொண்டு குதிரைக்காரர்கள் மலையிலிருந்து இறங்குகிறார்கள்.

ஒரே நாளில் ஆபர்ன் வந்து சேரும் குதிரைக்காரருக்குக் கிடைக்கும் வெள்ளி பக்கிளிலும், ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் வெள்ளி பக்கிளிலும் பொறித்திருப்பது ஒரே வாசகம்: நூறு மைல், ஒரு நாள்.